டே ஆற்றில் ஒரு வாரம்: சால்மன் தூண்டிலுக்குப் புதியவன், வழி சொல்லுங்கள்

கரையோரம் | 18 ஆகஸ்ட் 2024, இரவு 9.40

வணக்கம். ஸ்காட்லாந்தின் டண்டீக்கு வேலைக்கு வந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. முதல் கோடையில் அலுவலக நண்பர் ஒருவர் என்னைச் சின்ன ஏரி ஒன்றுக்கு இழுத்துக்கொண்டு போனார். ஏரியை இங்கே லாக் என்கிறார்கள். அன்று உள்ளங்கை நீளத்தில் ஒரு டிரவுட் மாட்டியது. அதிலிருந்து சனிக்கிழமைகளில் வீட்டில் யாரும் என்னைத் தேடுவதில்லை.

இப்போது விஷயம் பெரிதாகிவிட்டது. அதே நண்பரின் குழு செப்டம்பர் 23 திங்கள் முதல் சனி வரை டே ஆற்றில், அபர்ஃபெல்டிக்குக் கீழே ஒரு பகுதியை வாடகைக்கு எடுத்திருக்கிறது. ஒருவர் முதுகுவலியால் விலகிவிட, அந்த இடம் எனக்கு வந்தது. ஐந்து நாள் ஆற்றில் சால்மன், ஒரு நாள் டே ஏரியில் படகு.

கேட்க வெட்கமாக இருக்கும் கேள்விகளையும் சேர்த்தே கேட்டுவிடுகிறேன். என்னிடம் இருக்கும் ஒன்பதடி டிரவுட் தூண்டில் கம்பு போதுமா? ஆற்றுக்குள் வந்த சால்மன் எதையும் தின்னாது என்கிறார்கள். தின்னாத மீன் எப்படித் தூண்டிலில் மாட்டும்? அரசு உரிமம் வேண்டுமா? கடைசியாக, ஒரு மீனாவது வீட்டுக்கு வருமா? மாமனார் ஊரிலிருந்து வந்திருக்கிறார். குழம்புக்குப் புளி ஊறப்போடும் நிலையில் இருக்கிறார்.

சும்மாஇருப்பவன் | 18 ஆகஸ்ட், இரவு 10.05

ஆற்றின் பெயரே "டே" என்றால், மீன் எப்படி மரியாதையாக வரும்?

பெர்த்வாசி | 19 ஆகஸ்ட், காலை 7.15

நான் பதினேழு ஆண்டுகளாக இந்த ஆற்றங்கரையில்தான் இருக்கிறேன். சட்டத்திலிருந்து தொடங்குகிறேன். புதியவர்கள் சறுக்குவது அங்கேதான்.

இங்கிலாந்தில் தூண்டில் போட அரசு உரிமம் வேண்டும். ஸ்காட்லாந்தில் அப்படி ஒன்று கிடையாது. அதற்காக யாரும் எங்கும் போடலாம் என்று நினைத்துவிடாதீர்கள். இங்கே சால்மன் பிடிக்கும் உரிமை வீடு, நிலம் போல ஒரு சொத்து. வாங்கலாம், விற்கலாம், பிள்ளைக்கு எழுதி வைக்கலாம். ஆற்றைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் பீட் என்று அழைக்கிறார்கள். உரிமையாளரின் அனுமதி இல்லாமல் சால்மனுக்குத் தூண்டில் போட்டால் 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். டிரவுட்டுக்கு இவ்வளவு கெடுபிடி இல்லை. பல இடங்களில் ஊர்ச் சங்கமோ கடையோ சில பவுண்டுகளுக்கு நாள் டிக்கெட் கொடுக்கும். சால்மன் பீட்டின் வாடகையை மட்டும் வீட்டில் வாய்தவறிச் சொல்லிவிடாதீர்கள்.

டே ஆற்றில் சால்மன் பருவம் ஜனவரி 15 முதல் அக்டோபர் 15 வரை. முதல் நாளன்று கென்மோரில் குழல் வாத்தியக் குழு முன்னே நடக்க, படகின் மேல் விஸ்கி ஊற்றித் தொடங்கி வைப்பார்கள். நம் ஊரில் புது வண்டிக்குத் தேங்காய் உடைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். பழுப்பு டிரவுட்டுக்கு மார்ச் 15 முதல் அக்டோபர் 6 வரை. அது ஸ்காட்லாந்து முழுவதற்கும் ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை சால்மனுக்குத் தூண்டில் போடக் கூடாது. அது சட்டம், வெறும் வழக்கம் என்று எண்ணிவிடாதீர்கள்.

மாமனாரிடம் புளியைத் திரும்ப எடுத்து வைக்கச் சொல்லுங்கள். ஏப்ரல் 1க்கு முன் பிடிபடும் எந்தச் சால்மனையும் கொல்லக் கூடாது. அதற்குப் பிறகும், ஒவ்வோர் ஆற்றின் மீன்வளத்தையும் ஆண்டுதோறும் 1, 2, 3 என்று தரம் பிரிக்கிறார்கள். 3 என்றால் பிடித்த அத்தனையையும் விட்டாக வேண்டும். தரம் நன்றாக இருந்தாலும் பெரும்பாலான பீட்களில் விட்டுவிடத்தான் சொல்வார்கள். தூண்டிலில் பிடித்த சால்மனை விற்பது 2002 முதல் தடை.

மீதியை மாலையில் எழுதுகிறேன்.

நிலாமுற்றம் | 19 ஆகஸ்ட், பகல் 12.30

கரையோரம் தம்பி, டே ஆற்றுக்குப் போகிறவர் ஜார்ஜினா பாலன்டைன் கதையைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். 1922 அக்டோபர் 7, மாலை நேரம். கேபுத் அருகே கிளென்டெல்வைன் பகுதியில் அப்பா துடுப்புப் போட, மகள் தூண்டிலைப் பிடித்திருந்தார். மாட்டிய மீன் படகை இழுத்துக்கொண்டு ஆற்றோடு போனது. ஏறத்தாழ இரண்டு மணி நேரம். கரைக்கு வந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. எடை 64 பவுண்டு, கிட்டத்தட்ட 29 கிலோ. பிரிட்டனில் தூண்டிலில் பிடிபட்ட சால்மன்களில் இன்றுவரை அதை மிஞ்சியது இல்லை. மீனைப் பெர்த் மருத்துவமனைக்குக் கொடுத்துவிட்டார்கள்.

எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு நடந்தது. அந்த மீனின் வார்ப்பைப் பெர்த் கடை ஒன்றில் வைத்திருந்தபோது, பார்த்துக்கொண்டிருந்த இரண்டு கிழவர்கள், எந்தப் பெண்ணாலும் இதைப் பிடித்திருக்க முடியாது என்று அடித்துச் சொன்னார்களாம். ஜார்ஜினா அவர்கள் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தாராம்.

பெர்த்வாசி | 19 ஆகஸ்ட், இரவு 8.50

மாலை என்றது இரவாகிவிட்டது, மன்னிக்கவும்.

ஒன்பதடிக் கம்பை ஏரிக்கு வைத்துக்கொள்ளுங்கள். டே அகலமான ஆறு. இரண்டு கையாலும் பிடிக்கும் 14, 15 அடிக் கம்பு வேண்டும். நண்பரிடம் கட்டாயம் உபரி இருக்கும். பின்னால் மரங்கள் நிற்பதால் தலைக்குப் பின்னே கயிற்றை வீச இடம் இருக்காது. கயிற்றை நீர்மேல் ஒரு வளையமாகச் சுழற்றி, அந்த இழுவையிலேயே முன்னே எறிவார்கள். ஸ்பே ஆற்றில் பிறந்த முறை என்பதால் ஸ்பே வீச்சு என்று பெயர். காணொளி பார்த்துக் கற்றுக்கொள்ளாதீர்கள். நான் அப்படிக் கற்றதை மறக்கவே இரண்டு பருவம் ஆனது.

ஒவ்வொரு பீட்டிலும் ஆற்றைக் கரைத்துக் குடித்த ஒருவர் இருப்பார். கில்லி என்று பெயர். நம் கில்லிதாண்டலுக்கும் இதற்கும் உறவில்லை. கேலிக் மொழியில் பையன், ஏவலாள் என்று பொருள். உங்கள் கில்லிக்கு அறுபது வயது இருக்கலாம். அவர் சொல்வதை மட்டும் கேளுங்கள், என் பேச்சுக்கூட அதற்குப் பிறகுதான்.

தின்னாத மீன் ஏன் கவ்வுகிறது? சால்மன் ஆற்றுக் கூழாங்கல்லுக்குள் பிறக்கிறது. இரண்டு மூன்று ஆண்டுகள் ஆற்றில் பூச்சி தின்று வளர்ந்து, ஒரு வசந்தத்தில் உடம்பெல்லாம் வெள்ளியாகிக் கடலுக்குப் போகிறது. கடலில் ஓராண்டோ இரண்டு மூன்று ஆண்டுகளோ இருந்து கொழுத்துவிட்டு, பிறந்த ஆற்றுக்கே முட்டையிடத் திரும்புகிறது. திரும்பிய பிறகு வயிறு சுருங்கிவிடும். சேமித்த கொழுப்பில்தான் மாதக்கணக்கில் காலம் தள்ளும். அப்படியும் முகத்தருகே ஏதாவது குறுக்கே போனால் சில நேரம் கவ்விவிடும். எரிச்சல் என்பார்கள், தன் இடத்தைக் காக்கிறது என்பார்கள், இளமையில் பூச்சி தின்ற ஞாபகம் என்பார்கள். என் கில்லியிடம் கேட்டேன். மீனிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார்.

ஆகவே இதில் சாமர்த்தியத்தைவிடத் தண்ணீர்தான் முக்கியம். மழை பெய்து ஆறு ஏறி, பிறகு இறங்கத் தொடங்கும் நேரம் பொன்னானது. ஏறும்போது நீர் பால் விடாத தேநீர் நிறத்தில் இருக்கும். மேலே மலையில் இருக்கும் கரிமண் கரைந்து வருவதால் அந்த நிறம். மீன் நகர்வது அப்போதுதான். ஸ்காட்லாந்தின் சுற்றுச்சூழல் அமைப்பு ஆற்றின் நீர்மட்டத்தை இணையத்தில் போடுகிறது. புறப்படும் வாரம் அதைப் பாருங்கள்.

மடுவின் தலையில் தொடங்குங்கள். ஒரு வீச்சு, கயிறு குறுக்கே வளைந்து கரைக்கு வரும்வரை பொறுமை, பிறகு கீழ்நோக்கி ஓரடி. மறுபடி வீச்சு. நாள் முழுவதும் இதுதான். பொழுது போகவில்லை என்பவர்களுக்கு இது தண்டனை.

ஒன்றை எழுதி நெற்றியில் ஒட்டிக்கொள்ளுங்கள்: கவ்வியதும் சுண்டாதீர்கள். டிரவுட் ஈயை, அதாவது முள்ளில் இறகு கட்டிச் செய்த போலிப் பூச்சியைக் கொத்தினால் உடனே சுண்ட வேண்டும், தாமதித்தால் துப்பிவிடும். சால்மன் அப்படியில்லை. கவ்விக்கொண்டு தன் இடத்துக்குத் திரும்பும். அது திரும்பினால்தான் முள் வாயோரத்தில் ஏறும். அதற்காகவே விரலுக்கும் ரீலுக்கும் இடையில் ஒரு முழக் கயிற்றைத் தளர்வாக வைத்திருங்கள். கவ்வியதும் அதை விடுங்கள். கயிறு இறுகிய பிறகு கம்பைத் தூக்குங்கள்.

முத்துநகரான் | 20 ஆகஸ்ட், காலை 6.20

இவ்வளவையும் பொறுமையாகப் படித்தேன். என் அப்பா முப்பது ஆண்டுகள் கடலுக்குப் போனவர். மீனைப் பிடித்தால் தின்போம், இல்லையென்றால் விற்போம். இரண்டும் இல்லை என்றால் அதைத் தொடுவதற்கு நமக்கு என்ன வேலை? வாயில் முள்ளை மாட்டி, பதினைந்து நிமிடம் இழுத்து, படம் எடுத்து, போய் வா என்று விடுவதைக் கருணை என்கிறீர்களே, அந்த மீனிடம் கேட்டீர்களா?

பெர்த்வாசி | 20 ஆகஸ்ட், மாலை 6.40

கோபத்தில் நியாயம் இருக்கிறது. நிலவரத்தையும் கேளுங்கள்.

2010இல் ஸ்காட்லாந்தில் தூண்டிலில் பிடிபட்ட சால்மன் ஒரு லட்சத்துக்கும் மேல். 2023இல் முப்பத்திரண்டாயிரத்துச் சொச்சம். 1952இல் கணக்கெடுக்கத் தொடங்கியதிலிருந்து அதுதான் மிகக் குறைவு. அதே 2023 டிசம்பரில், பிரிட்டனின் அட்லாண்டிக் சால்மனை அழியும் ஆபத்தில் உள்ளவற்றின் பட்டியலில் சேர்த்தார்கள். கடலுக்குப் போகும் குஞ்சுகளில் திரும்பி வருபவை மிகவும் குறைந்துவிட்டன. கோடையில் ஆறு சூடாகிறது. நீர் 20 டிகிரியைத் தாண்டினால் சால்மன் திணறும். அதற்காகத்தான் மேலே கிளையாறுகளின் கரையில் நிழலுக்கு மரம் நடுகிறார்கள். மேற்குக் கரையில் பண்ணைக் கூண்டுகளிலிருந்து பரவும் கடல் பேன் வேறு. இந்த நிலையில் பிடித்ததை வீட்டுக்குக் கொண்டுபோவது எப்படி?

முத்துநகரான் | 20 ஆகஸ்ட், இரவு 9.10

அழிகிறது என்றால் தூண்டிலை நிறுத்துங்கள். அழிகிறது, ஆனாலும் விளையாடுவோம் என்றால் எப்படி?

நிலாமுற்றம் | 20 ஆகஸ்ட், இரவு 9.45

நான் தூண்டில் போடுகிறவள்தான். முத்துநகரான் அண்ணன் கேட்பதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆனால் ஆற்றுக்குக் காவல் போடுவதும் மீன் ஏறும் வழியில் தடைகளை அகற்றுவதும் மாவட்டச் சால்மன் வாரியங்கள். அந்தப் பணம் பீட் உரிமையாளர்களிடம் வசூலிக்கும் வரியிலிருந்து வருகிறது. தூண்டில்காரர்கள் வருவது நின்றால் வாடகை நிற்கும், அத்தோடு காவலும் நிற்கும்.

முத்துநகரான் | 21 ஆகஸ்ட், காலை 5.55

வேட்டைக்காரன்தான் காட்டைக் காக்கிறான் என்ற பழைய கதை.

நேற்று இரவு கொஞ்சம் தேடிப் படித்தேன். ஸ்காட்லாந்துக் கரையோரத்தில் கழி நட்டு வலை கட்டிச் சால்மன் பிடித்து, அதில் சோறு தின்ற குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இருந்திருக்கின்றன. 2016இல் கடலோர வலையைத் தடை செய்துவிட்டார்கள். காரணம், மீன் குறைகிறது. ஆற்றில் பணம் கட்டி விளையாடுகிறவனுக்குத் தடையில்லை. பிழைப்பை நிறுத்திவிட்டுப் பொழுதுபோக்கை விட்டுவைத்திருக்கிறார்கள். இதை ஏன் நீங்கள் யாருமே சொல்லவில்லை?

பெர்த்வாசி | 21 ஆகஸ்ட், இரவு 7.30

சொல்லியிருக்க வேண்டும். வலையில் விழுந்தது செத்துத்தான் வரும், தூண்டிலில் மாட்டியதில் பெரும்பங்கு உயிரோடு திரும்பிப் போகும் என்பது அரசு தரப்பு நியாயம். கணக்குச் சரிதான். ஆனால் அந்த வலைக்காரர் ஒருவரின் முகத்தைப் பார்த்து என்னால் அதைச் சொல்ல முடியாது.

நீலமலை | 22 ஆகஸ்ட், பகல் 1.15

சண்டைக்கு நடுவில் வேறொரு செய்தி. பழைய சால்மன் ஈக்களைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். பத்துப் பதினைந்து வகை இறகுகளைப் பட்டு நூலில் கட்டிய நகை போல இருக்கும். பக்கவாட்டில் கண் மாதிரி வெள்ளையும் மஞ்சளுமாக, அரக்கு பூசியதுபோல மினுங்கும் ஒரு புள்ளி இருக்கிறதே, அது நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் சாம்பல் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்திறகு. அந்தப் பறவை இந்தியத் தீபகற்பத்தைத் தவிர வேறெங்கும் இயற்கையாக இல்லை. விக்டோரியா காலத்து ஸ்காட்லாந்து ஆறுகளில் அதன் இறகுகள் நீந்தியிருக்கின்றன. இப்போது இங்கிருந்து ஏற்றுமதி செய்யத் தடை. அங்கேயே வளர்க்கும் சாம்பல் காட்டுக்கோழிகளிலிருந்து எடுக்கிறார்கள்.

டிரவுட் எதிர்த்திசையில் வந்தது. வெள்ளைக்காரர்கள் நீலகிரி ஓடைகளில் விடப் பலமுறை முயன்று தோற்று, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் வானவில் டிரவுட் நிலைத்தது. அவலாஞ்சிப் பொரிப்பகம் அப்போது வந்ததுதான்.

சும்மாஇருப்பவன் | 22 ஆகஸ்ட், பகல் 1.40

சென்னையில் இந்தியன் சால்மன் என்று விற்கிறார்களே, அது?

நீலமலை | 22 ஆகஸ்ட், பகல் 2.00

காலா மீன். நல்ல மீன்தான். பெயர் மட்டும் இரவல்.

பெர்த்வாசி | 14 செப்டம்பர், காலை 8.00

கரையோரம், இன்னும் ஒன்பது நாள். சில துணுக்குகள்.

டே ஏரி சுமார் 23 கிலோமீட்டர் நீளம். மேற்கு முனை கில்லின், கிழக்கு முனை கென்மோர். அங்கேதான் ஆறு புறப்படுகிறது. ஏரியில் டிரவுட்டுக்குப் படகைக் காற்றோடு மிதக்கவிட்டு, முன்னால் மூன்று ஈக்களை வீசி இழுங்கள். மேல் ஈ நீரின் தோலைக் கிழித்துக்கொண்டு வர வேண்டும். காற்று இல்லாத நாளில் ஏரி கண்ணாடியாகிவிடும், அன்று மிட்ஜ் என்கிற பொடிப் பூச்சி உங்களைத் தின்னும்.

ஈயின் முள்ளில் எதிர்க்கொக்கியைக் குறட்டால் நசுக்கிவிடுங்கள். வலை முடிச்சில்லாததாக இருக்கட்டும். மீனை நீரை விட்டு எடுக்காதீர்கள். தலையை நீரோட்டத்துக்கு எதிராகத் திருப்பி, அது தானே உதறிக்கொண்டு போகும்வரை பிடித்திருங்கள்.

சால்மனா, கடல் டிரவுட்டா என்று குழப்பம் வரும். இரண்டும் கடலிலிருந்து வருபவை, இரண்டும் வெள்ளி. சால்மனுக்கு வாலடி ஒடுங்கி மணிக்கட்டு போல இருக்கும், பிடித்தால் நிற்கும். கடல் டிரவுட்டை அப்படிப் பிடித்தால் வழுக்கிவிடும். அதன் வால் ஓரம் நேராக வெட்டியதுபோல இருக்கும், மேல்தாடை கண்ணைத் தாண்டிப் பின்னே போகும். சால்மனுக்குத் தாடை கண்ணோடு நின்றுவிடும்.

குடும்பத்தைப் பிட்லாக்ரி அணைக்கு அனுப்புங்கள். டே ஆற்றின் கிளையான டம்மல் குறுக்கே மின்சாரத்துக்காக அணை கட்டியபோது, மீன் ஏறப் படிக்கட்டு கட்டினார்கள். 34 தொட்டிகள், 310 மீட்டர். மீன் ஒவ்வொன்றாக ஏறிப் போகும். மாமனாருக்குச் சால்மனை உயிரோடு காட்ட அதைவிட நல்ல இடம் இல்லை.

கரையோரம் | 30 செப்டம்பர், இரவு 10.20

திரும்பி வந்துவிட்டேன். உடம்பில் வலிக்காத இடம் இல்லை.

திங்களும் செவ்வாயும் ஒன்றுமில்லை. வீச்சு, ஓரடி, வீச்சு, ஓரடி. புதிதாக வாங்கிய மார்பளவு ரப்பர் உடை இடது முழங்காலில் ஒழுகியது. விற்ற கடைக்காரர் முள்வேலி கிழித்திருக்கும் என்கிறார். நான் வேலி பக்கமே போகவில்லை. கில்லி ஒரு சைக்கிள் பஞ்சர் ஒட்டை ஒட்டிக் கொடுத்தார், அது நின்றது.

செவ்வாய் இரவு நல்ல மழை. புதன் காலை ஆறு முழங்காலளவு ஏறி, டிக்காஷன் நிறத்தில் சுழித்துக்கொண்டு ஓடியது. கில்லி கரையில் ஒரு குச்சியை நட்டு வைத்துவிட்டு, தேநீர் குடிக்கப் போகலாம் என்றார். பதினொரு மணிக்கு வந்து பார்த்தால் குச்சிக்குக் கீழே இரண்டு விரல் ஈரம். இப்போது போ என்றார்.

மடுவின் வயிற்றுப் பகுதியில், ஏழாவது வீச்சோ எட்டாவதோ, கயிறு நின்றது. இழுக்கவில்லை, குலுங்கவில்லை, சும்மா நின்றது. யாரோ அடியில் கயிற்றைக் காலால் மிதித்துக்கொண்டது போல. பெர்த்வாசி அண்ணன் நெற்றியில் ஒட்டச் சொன்னது எல்லாம் எனக்கு நினைவிருந்தது. கைக்கு நினைவில்லை. சுண்டிவிட்டேன். நீர் ஒரு முறை பொங்கியது, கதவளவு அகலத்தில். அவ்வளவுதான். கயிறு லேசாகிவிட்டது. கில்லி தொப்பியைக் கழற்றித் திரும்ப மாட்டிக்கொண்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வியாழன் ஏரி. ஏழு டிரவுட். இரண்டை வைத்துக்கொள்ள அனுமதித்தார்கள். மாமனார் மஞ்சளும் மிளகாயும் தடவி வறுத்து, முள் அதிகம் என்று குறை சொல்லி, இரண்டையும் அவரே தின்றார்.

முத்துநகரான் அண்ணன் கேட்டது வாரம் முழுவதும் கூடவே வந்தது. வெள்ளி அன்று அதைக் கில்லியிடம் கேட்டேன். அவர் தாத்தா கரையோரத்தில் வலை போட்டவராம். அதற்கு மேல் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சனி மாலை, மணி ஐந்து இருக்கும். கில்லி வேறொருவரோடு மேல் மடுவில் இருந்தார். எனக்கு ஒன்று கவ்வியது. இந்த முறை தளர்கயிற்றை விட்டேன், இறுகியது, தூக்கினேன். பத்து நிமிடம். வலைக்குள் நான்கு பவுண்டு இருக்கும், பக்கமெல்லாம் மங்கிய வெள்ளி, கறுப்புப் புள்ளிகள். வாலடியைப் பிடிக்கப் போனேன், கை வழுக்கிவிட்டது, நடுக்கம்தான் காரணம். தலையை ஓட்டத்துக்கு எதிராகத் திருப்பி வைத்திருந்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, ஒரு உதறல், முகமெல்லாம் தண்ணீர். என் முதல் சால்மன்! வலைக்குள் இருந்தபோது எடுத்த படத்தை இணைத்திருக்கிறேன்.

முத்துநகரான் | 1 அக்டோபர், காலை 6.05

விளையாட்டு பற்றிய என் கருத்து மாறவில்லை. ஆனால் அந்தக் கதவளவு பொங்கலைப் படித்தபோது எனக்கும் கை சுண்டியது. அப்பாவிடம் படித்துக் காட்டினேன். பையன் கயிற்றை ஒழுங்காகப் பிடிக்கவில்லை என்றார்.

பெர்த்வாசி | 1 அக்டோபர், காலை 7.10

கரையோரம், வாழ்த்துகள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வால் ஓரம் நேராக இருக்கிறது. மேல்தாடை கண்ணைத் தாண்டுகிறது. வாலடி வழுக்கியதற்கு உங்கள் நடுக்கத்தைக் குறை சொல்லாதீர்கள். அது அழகான கடல் டிரவுட்.

கரையோரம் | 1 அக்டோபர், காலை 7.25

ஊரில் பதினொரு பேருக்குப் படம் அனுப்பிவிட்டேன்.